வால்வு மாற்றிய முதியவருக்குப் பிசியோ: காப்பீட்டு அட்டை நிற்கும் இடமும், அதற்குப் பிறகு கேட்டு வாங்க வேண்டியதும்

இதய வால்வு மாற்றும் ஆபரேஷனுக்குத் தமிழக முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் பணம் கட்டும். அடுத்த மூன்று மாதம் அந்த வயதானவர் நடை பழகவும் உடம்பு தேறவும் பிசியோ வேண்டுமே, அதற்கு என்ன வழி என்று கேட்டால், "அது ஓ.பி., அட்டையில வராதும்மா" என்பார்கள். விதிப்படி சரிதான். அட்டையே இல்லாமல் இலவசமாகப் பெற இரண்டு வழிகள் இருப்பதைத்தான் யாரும் சொல்வதில்லை.

முதலில் அட்டை. குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். குடும்பம் முழுவதற்கும் சேர்த்து ஆண்டுக்கு 5 லட்சம். 2018 முதல் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத்தோடு இணைந்து நடக்கிறது. முதியவர்கள் அகப்பட்டுக்கொள்வது ரேஷன் கார்டில். மகன் தனிக்கார்டு எடுக்கும்போது அம்மா பெயர் பழைய கார்டிலிருந்து நீங்கியிருக்கும், புதியதில் ஏறியிருக்காது. ஆதாரில் ஒரு எழுத்து, கார்டில் வேறு எழுத்து. மகளோடு கேரளத்துப் பாறசாலையில் தங்கி அங்கே பெயர் சேர்த்துவிட்டால், எல்லைக்கு இப்பால் களியக்காவிளை முகவரி காட்டி இங்கே அட்டை கேட்க முடியாது. இவற்றை ஆபரேஷன் தேதி வாங்கும் முன்பே சரிசெய்யுங்கள். இது முன் அனுமதி வாங்கி நடக்கும் திட்டம். கையிலிருந்து கட்டிவிட்டு ரசீதோடு வந்தால் பணம் திரும்பாது.

குமரி மாவட்டத்துக்காரர்களுக்கு இன்னொரு கண்ணி திருவனந்தபுரம். அருகில் இருக்கிறதே என்று போகிறார்கள். கேரளத்தின் காருண்யா மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் கேரளக் குடும்பங்களுக்கு. உங்கள் அட்டை எல்லை தாண்ட வேண்டுமானால், குடும்பப் பெயர் மத்தியத் திட்டப் பட்டியலில் இருக்க வேண்டும், அல்லது அந்த மருத்துவமனை தமிழகத் திட்டத்தில் சேர்ந்திருக்க வேண்டும். "அட்டை எங்கேயும் செல்லும்" என்று யாராவது சொன்னால், 1800 425 3993 என்ற கட்டணமில்லா எண்ணில் மருத்துவமனைப் பெயரைச் சொல்லிக் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

இனி முக்கியமான இடம்: டிஸ்சார்ஜ் நாள். வார்டில் இருக்கும்வரை பிசியோ ஆபரேஷன் செலவிலேயே அடக்கம். மத்தியத் திட்ட விதிப்படி வீடு திரும்பிய பின் 15 நாள் மருந்தும் பரிசோதனையும் சேர்ந்தே வரும். "வெளியே வாங்கிக்கங்க" என்று சீட்டு நீட்டினால் காப்பீட்டுக் கவுண்டரில் நின்று கேளுங்கள். சில நோய்களுக்குப் பின்தொடர் சிகிச்சையும் தனியாக உண்டு. உங்களுக்கு உண்டா என்று அன்றைக்கே கேட்க வேண்டும்.

டிஸ்சார்ஜ் சம்மரியில் பெரும்பாலும் "பிசியோ தேவை" என்று ஒரு வரிதான் இருக்கும். அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு எந்த அரசு பிசியோவும் இதய நோயாளியைத் தொட மாட்டார். "டாக்டர் லெட்டர் கொண்டு வாங்க" என்று திருப்பி அனுப்புவார். ஆபரேஷன் செய்த டாக்டரோ எல்லைக்கு அப்பால் திருவனந்தபுரத்தில் இருக்கலாம். ஆகவே வார்டை விட்டு இறங்கும் முன் தனிக் கடிதம் வாங்குங்கள். எந்த வால்வு, உலோகமா திசுவா, ஆபரேஷன் தேதி, இதயம் சுருங்கும் திறன் எத்தனை சதவீதம், துடிப்பு சீரா, பேஸ்மேக்கர் உண்டா, ரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். எந்த அளவுக்குள் இருக்க வேண்டும், எந்தத் தேதிவரை எவ்வளவு எடைக்கு மேல் தூக்கக்கூடாது, வாரம் எத்தனை முறை, எத்தனை வாரம் பயிற்சி, நாடித்துடிப்பு எதைத் தாண்டினால் நிறுத்த வேண்டும். முத்திரையும் பதிவு எண்ணும் இருக்கட்டும். மூன்று நகல் எடுத்துக்கொள்ளுங்கள். அசலைக் கொடுத்துவிட்டால் திரும்ப வராது.

இந்தக் கடிதம் இருந்தால் முதல் வழி, நாகர்கோவில் ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் பிசியோதெரபி ஓ.பி. வருமானச் சான்றும் வேண்டாம், காப்பீட்டு அட்டையும் வேண்டாம். நேராகப் பிசியோ அறைக்குப் போனால் ஓ.பி. சீட்டு கேட்டுத் திருப்பிவிடுவார்கள். காலையிலேயே சீட்டுப் போட்டு, டாக்டரிடம் கடிதத்தைக் காட்டி, பிசியோவுக்கு எழுதி வாங்கியபின் போங்கள்.

இரண்டாவது, 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் என்ற தமிழக அரசுத் திட்டம். அது பிரஷர், சுகர் மாத்திரை கொண்டுவருவதற்கு மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். வட்டாரத்துக்கு ஓர் இயன்முறை மருத்துவர் (பிசியோ) வீட்டுக்கு வர வேண்டும் என்பதும் அதே திட்டம்தான். ஊர் சுகாதாரத் தன்னார்வலர் அக்காவிடம் பெயர் கொடுத்தால், "தாத்தா நடக்குறாரே, படுத்த படுக்கை ஆளுங்களுக்குத்தான்" என்ற பதில் வரலாம். வாசல்வரை நடப்பதும் பஸ் ஏறி ஆசாரிபள்ளம் போவதும் ஒன்றா? ஆபரேஷனில் வெட்டிய நெஞ்செலும்பு ஒன்றுசேர 8 முதல் 12 வாரம் ஆகும், அதுவரை பஸ் கம்பியைப் பிடித்துத் தொங்க முடியாது என்பதை வட்டார மருத்துவ அலுவலருக்கு எழுத்தில் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்குங்கள். வாய்ப்பேச்சாகக் கேட்டால் வாய்ப்பேச்சாகவே மறுப்பார்கள். பதில் வராவிட்டால் முதல்வரின் உதவி எண் 1100, அல்லது திங்கள்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டம். மனு எண் இல்லாமல் அங்கிருந்து வராதீர்கள்.

பிசியோ கிடைத்த பிறகும் கண் வேண்டும். அரசு பிசியோ அறைக்கு வருவோரில் முழங்கால், தோள், பக்கவாதக்காரர்களே அதிகம். பழக்கத்தில் தோளுக்குக் "கரண்ட்", அதாவது மின் சிகிச்சை, வைக்க வருவார்கள். பேஸ்மேக்கர் இருந்தால் முதலில் அதைச் சொல்லுங்கள். முதல் மூன்று மாதத்தில் பளு, ரப்பர் பட்டை இழுப்பது, கையை ஊன்றி எழுவது கூடாது. இருமும்போது தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொள்ள வேண்டும். வலி என்றதும் டைக்ளோபீனாக் ஊசி போட வருவார்கள். ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் அல்லது அசிட்ரோம் மாத்திரை சாப்பிடுபவருக்கு அந்த மருந்து ரத்தக்கசிவை ஏற்படுத்தலாம். இடுப்பில் குத்திய இடத்தில் ரத்தம் கட்டியும் போகும்.

நடை 5 நிமிடத்தில் தொடங்கட்டும், நாளைக்கு மூன்று நான்கு தடவை. சில நாளுக்கு ஒருமுறை ஓரிரு நிமிடம் கூட்டலாம். துடிப்பு சீராக இல்லாதவருக்கும், துடிப்பைக் குறைக்கும் மாத்திரை சாப்பிடுபவருக்கும் நாடிக் கணக்கு ஏமாற்றும். நடந்துகொண்டே பேச முடிகிறதா என்பதே அவர்களுக்கு அளவு. திருவட்டாறு, மேல்புறம் பக்கம் வீட்டு வாசலே சரிவாக இருக்கும். அங்கே முதல் வாரங்களில் திண்ணையிலும் கூடத்திலும் நடந்தால் போதும். நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுந்து உட்காருவது, சுவரோரம் நின்று சமநிலை பழகுவது இரண்டையும் விடாதீர்கள். ரத்தம் உறையாமல் மாத்திரை சாப்பிடுபவர் தலை அடிபட விழுந்தால், காயம் தெரியாவிட்டாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். நெஞ்செலும்பில் "டக்" என்று சத்தம், தலைசுற்றல், விடாத காய்ச்சல், இரண்டு மூன்று நாளில் 2 கிலோ எடை ஏறுவது: பயிற்சியை நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள்.

மாற்றுத்திறனாளி சான்று கிடைக்கும் என்று சொல்லி உங்களை அலையவிடுவார்கள். 2016 சட்டத்தின் 21 வகைகளில் இதய நோய் இல்லை. ரயில் சலுகை இதய ஆபரேஷனுக்குப் போகிறவருக்கும் துணைக்கு ஒருவருக்கும் உண்டு. படிவத்தை மருத்துவமனைதான் நிரப்பித் தர வேண்டும், டிக்கெட் எடுக்கும் முன்பே வாங்குங்கள். பயிற்சிக்குப் போய்வரும் பயணத்துக்கு அது செல்லாது.