பள்ளிக் கூட்டத்தில் பெற்றோர் பேசப் பழக வேண்டும்

சிறப்புத் தேவையுள்ள குழந்தையின் கல்வித் திட்டத்தைப் பற்றிப் பேசக் கூட்டம் போட்டால், மேசைக்கு அந்தப் பக்கம் தலைமையாசிரியர், வகுப்பாசிரியர், சிறப்பாசிரியர், சில சமயம் உளவியலாளர், ஸ்பீச் தெரபிஸ்ட் என்று நாலைந்து பேர் உட்கார்ந்திருப்பார்கள். இந்தப் பக்கம் பெரும்பாலும் அம்மா மட்டும். அவர்கள் கையில் ரிப்போர்ட் இருக்கும், மதிப்பெண் இருக்கும், அம்மா கையில் கைப்பை மட்டும் இருக்கும். அரை மணி நேரத்தில் ஒரு தாளை நீட்டுவார்கள், கையெழுத்துப் போட்டுவிட்டு வந்துவிடுவார். கேட்க நினைத்த கேள்வியெல்லாம் வாசலுக்கு வந்த பிறகுதான் ஞாபகம் வரும்.

சிறப்பாசிரியராக அந்தப் பக்க நாற்காலியில் பல வருடம் உட்கார்ந்திருக்கிறேன். அந்த அறையில் குழந்தையைப் பற்றி அதிகம் தெரிந்தவர் அம்மாதான், குறைவாகப் பேசுகிறவரும் அவர்தான். இது எனக்குப் பொறுக்கவில்லை. இப்போது பெற்றோருக்குப் பயிற்சி கொடுக்கும் வேலையில் இருக்கிறேன். தங்கள் பிள்ளைக்காகப் பள்ளியில் பேசவும், பழகிய பிறகு இன்னொரு பெற்றோருக்குத் துணையாகப் போய் உட்காரவும் அவர்களைத் தயார் செய்வதுதான் இந்தப் பயிற்சி.

வருகிற எல்லோரும் முதலில் கேட்பது சட்டம். "எங்களுக்கு என்ன உரிமை இருக்கிறது, அதைச் சொல்லுங்கள்" என்பார்கள். சொல்லலாம், சொல்லத்தான் வேண்டும். ஆனால் நான் அங்கிருந்து ஆரம்பிப்பதில்லை. ஒரு நோட்டு வாங்கி, ஒரு வாரம் பிள்ளையைப் பார்த்து எழுதிக்கொண்டு வாருங்கள் என்று அனுப்புகிறேன். ஏனென்றால் சட்டம் எவ்வளவு நல்லதாக இருந்தாலும், "என் பிள்ளைக்கு இது வேண்டும்" என்று குறிப்பாகக் கேட்கத் தெரியாதவருக்கு அதனால் பெரிய பிரயோஜனம் இல்லை.

ஒரு அம்மா "அவன் எழுதவே மாட்டேன் என்கிறான், சோம்பேறித்தனம்" என்று சொல்லிக்கொண்டு வந்தார். மூன்றாம் வகுப்புப் பையன். பள்ளியும் அதையேதான் சொல்லியிருந்தது. ஒரு வாரம் கழித்து அவர் கொண்டுவந்த நோட்டில் இப்படி இருந்தது: புத்தகத்தைப் பார்த்து எழுதும்போது ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு முறை நிமிர்ந்து பார்க்கிறான், திரும்பக் குனியும்போது வரி தவறிவிடுகிறது. பென்சிலை அழுத்திப் பிடித்துப் பிடித்து விரல் வலிக்கிறது என்று உதறுகிறான். நான்காவது வரியில் நிறுத்திவிடுகிறான். அதே பாடத்தில் வாயால் கேள்வி கேட்டால் எல்லாவற்றுக்கும் பதில் சொல்கிறான். பள்ளி நோட்டில் கரும்பலகையைப் பார்த்து எழுதிய பக்கங்கள் மட்டும் பாதியில் நிற்கின்றன.

சோம்பேறித்தனம் என்ற பேச்சு அதோடு முடிந்தது. இப்போது அவரால் மூன்று விஷயங்களைக் கேட்க முடியும். கரும்பலகையில் எழுதுவதை அச்சடித்து அவன் மேசையில் வையுங்கள், பதிலை வாயால் சொன்னாலும் ஏற்றுக்கொள்ளுங்கள், எழுத்துத் திறனை மதிப்பீடு செய்யுங்கள். ஒவ்வொன்றுக்கும் பின்னால் தேதியோடு ஒரு குறிப்பு இருக்கிறது. "எப்படியாவது உதவி பண்ணுங்கள்" என்று கேட்டால் "கண்டிப்பாகப் பார்க்கிறோம்" என்ற பதிலோடு அனுப்பிவிடலாம். இப்படிக் கேட்டால் செய்கிறோம் என்றோ முடியாது என்றோ ஏதாவது ஒன்றைச் சொல்லியாக வேண்டும்.

எழுதத் தெரியாத, எழுத நேரமில்லாத பெற்றோர் உண்டு. அவர்கள் போனில் பேசிப் பதிவு செய்துகொண்டு வருவார்கள், பக்கத்தில் இருக்கும் இன்னொரு பெற்றோர் அதைக் கேட்டு எழுதித் தருவார். தானே பள்ளியில் அவமானப்பட்டுப் பாதியில் நின்றவர்களும் வருகிறார்கள், தலைமையாசிரியர் அறை வாசலில் நின்றாலே நாக்கு ஒட்டிக்கொள்கிறது என்பார்கள். இவர்களை விட்டுவிட்டுப் படித்த, வசதியுள்ள பெற்றோருக்கு மட்டும் பயிற்சி கொடுத்தால், ஏற்கெனவே சலுகை கிடைக்கிற குழந்தைகளுக்கே இன்னும் கொஞ்சம் கிடைக்கும். அதனால்தான் பெரிய ஹாலில் நாள் முழுக்க ஸ்லைடு காட்டும் கருத்தரங்கில் எனக்கு நம்பிக்கை இல்லை. சின்னக் குழுவாக, அடிக்கடி, வேலை முடிந்து வரக்கூடிய நேரத்தில், அவரவர் பிள்ளையின் பைலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார வேண்டும்.

அடுத்தது அந்தத் திட்டத்தைப் படிக்கப் பழகுவது. தனிநபர் கல்வித் திட்டம், பலரும் சொல்வதுபோல் ஐ.இ.பி. அதில் குறிக்கோள் என்ற கட்டத்தில் "கவனம் மேம்படும்", "சமூகத் திறன் வளரும்" என்றெல்லாம் போட்டிருப்பார்கள். வருடக் கடைசியில் மேம்பட்டதா இல்லையா என்று யார் சொல்வது? நாங்கள் உட்கார்ந்து அதை மாற்றி எழுதிப் பார்க்கிறோம். ஒரு வேலையைக் கொடுத்தால் இரண்டு முறைக்கு மேல் நினைவூட்டாமல் 10 நிமிடம் செய்வான், வாரத்தின் 5 பள்ளி நாளில் 4 நாளாவது செய்வான், வகுப்பாசிரியர் குறித்துக்கொள்வார், ஆறு வாரம் கழித்துச் சேர்ந்து பார்ப்போம் என்று. இப்படி எழுதிவிட்டால் ஆறு வாரம் கழித்து எல்லோரும் ஒரே தாளைப் பார்த்துப் பேசலாம்.

சரி, சட்டத்துக்கு வருகிறேன். இந்தச் சட்டங்கள் சும்மா வரவில்லை, பெற்றோர் கேட்டுத்தான் வந்தன என்பதை நான் முதலிலேயே சொல்லிவிடுவேன். அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில், மனவயது, அதாவது அறிவு வளர்ச்சியை வைத்துக் கணக்கிடும் வயது, 5-ஐ எட்டாத குழந்தைக்குப் பள்ளியில் இடம் மறுக்கலாம் என்று சட்டமே இருந்தது. அறிவுசார் குறைபாடுள்ள குழந்தைகளின் பெற்றோர் சங்கம் ஒன்று நீதிமன்றத்துக்குப் போய், 1972-ல் அந்தக் குழந்தைகளுக்குப் பள்ளிக் கதவைத் திறக்க வைத்தது. அந்த வேகத்தில் 1975-ல் நாடு முழுமைக்குமான சட்டம் வந்தது. பெற்றோரும் திட்டக் குழுவில் ஒருவர் என்று எழுதி வைத்தார்கள். பெற்றோர் சம்மதக் கையெழுத்துப் போட்டதிலிருந்து 60 நாளுக்குள் மதிப்பீடு முடிய வேண்டும் என்பது அங்கே பொது விதி, மாநிலம் தனியாகக் கெடு வைத்திருந்தால் அது. பெற்றோர் பயிற்சி மையங்களுக்கு அந்தச் சட்டத்திலேயே நிதி ஒதுக்குகிறார்கள். 2017-ல் அங்குள்ள உச்ச நீதிமன்றம், பெயருக்குக் கொஞ்சம் முன்னேற்றம் என்பது போதாது, அந்தக் குழந்தையின் நிலைக்கு ஏற்ற முன்னேற்றம் கிடைக்கும்படி திட்டம் இருக்க வேண்டும் என்று சொன்னது. இங்கிலாந்தில் பெற்றோரே மதிப்பீடு கேட்டு விண்ணப்பிக்கலாம், உள்ளாட்சி நிர்வாகம் 6 வாரத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும். இந்தியாவின் 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைச் சேர்த்துக்கொள்கிறது, 40 சதவீதமோ அதற்கு மேலோ குறைபாடு என்று சான்று பெற்ற 6 முதல் 18 வயதுக் குழந்தைக்கு அருகிலுள்ள பள்ளியிலோ தான் விரும்பும் சிறப்புப் பள்ளியிலோ இலவசக் கல்வி உரிமை தருகிறது. இவற்றோடு 2006-ல் வந்த, மாற்றுத்திறனாளிகள் உரிமைக்கான ஐ.நா. உடன்படிக்கையின் 24-ஆம் பிரிவும் இருக்கிறது, எல்லோரும் சேர்ந்து படிக்கும் கல்வியை உரிமையாகச் சொல்கிறது.

உங்கள் நாட்டுச் சட்டத்தில் உங்களுக்குத் தேவையான பக்கங்கள் மிஞ்சிப்போனால் நாலைந்துதான் இருக்கும். அச்செடுத்து பைலில் வையுங்கள். இந்தக் கெடுவெல்லாம் ஏதோ ஒரு தாளில் போட்ட தேதியிலிருந்துதான் ஓட ஆரம்பிக்கும், வராந்தாவில் நின்றபடி ஆசிரியரிடம் வாயால் சொன்னதற்குக் கெடு கிடையாது. கடிதம் கொடுங்கள், பெற்றுக்கொண்டோம் என்று எழுதி வாங்குங்கள், அல்லது மின்னஞ்சல் அனுப்புங்கள்.

பயிற்சியில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி ஒத்திகை. நான் தலைமையாசிரியராக உட்கார்ந்துகொள்வேன், வழக்கமாகச் சொல்வதையெல்லாம் சொல்வேன். "எங்களிடம் அதற்கு ஆள் இல்லையே." முதல் தடவை பெற்றோர் தலையை ஆட்டிவிட்டுப் பேசாமல் இருந்துவிடுவார்கள். இன்னொரு முறை, இன்னொரு முறை என்று பேசிப் பேசி, "ஆள் இல்லாததால் செய்ய முடியவில்லை என்று எழுத்தில் தருகிறீர்களா?" என்று குரல் உயராமல் கேட்கும் இடத்துக்கு வந்து சேர்வார்கள். "கொஞ்சம் பொறுத்துப் பார்ப்போம்" என்றால், "சரி, எந்தத் தேதி வரைக்கும்? அதற்குள் என்ன மாறியிருக்க வேண்டும்?" என்று கேட்கலாம். கையெழுத்துக்குத் தாளை நீட்டினால், "வீட்டுக்கு எடுத்துப் போய்ப் படித்துவிட்டுத் தருகிறேன்" என்று சொல்லலாம். இந்த ஒரு வாக்கியத்தை வாய்விட்டுச் சொல்லிப் பழகவே சிலருக்கு நேரம் பிடிக்கிறது, மனதுக்குள் சொல்லிக்கொள்வது வேறு, எதிரில் ஒரு அதிகாரி பேனாவை நீட்டும்போது சொல்வது வேறு.

அழுகை வந்தால்? வரட்டும். ஐந்து நிமிடம் இடைவெளி கேளுங்கள், தண்ணீர் குடித்துவிட்டு வாருங்கள், விட்ட இடத்திலிருந்து தொடருங்கள். கோபம்தான் விலை அதிகம். கத்தியவுடன் பேச்சு பிள்ளையை விட்டு உங்கள் நடத்தைக்குப் போய்விடும், அதற்குப் பிறகு நீங்கள் கேட்டதெல்லாம் பின்னுக்குப் போகும். இதைச் சொன்னால் சில அப்பாக்களுக்கு வருத்தம் வருகிறது, இருந்தாலும் சொல்லாமல் விட முடியாது.

வகுப்பாசிரியர் எதிரி இல்லை என்பதையும் அடித்துச் சொல்ல வேண்டும். வகுப்பு நிறையப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு, உதவியாளர் கேட்டுக் கேட்டுக் கிடைக்காமல் நிற்கும் ஆசிரியர்களை எனக்குத் தெரியும். பெற்றோர் எழுத்தில் கேட்ட பிறகு அந்தக் கடிதத்தைக் காட்டியே நிர்வாகத்திடம் உதவி வாங்கியவர்கள் இருக்கிறார்கள். ஆகவே கூட்டத்துக்கு முன்பே ஆசிரியரைத் தனியாகப் பாருங்கள், நோட்டைக் காட்டுங்கள், வகுப்பில் அவர் என்ன பார்க்கிறார் என்று கேளுங்கள். பிள்ளை கொஞ்சம் பெரியவனென்றால் அவனிடமும் கேட்டுவிட்டுப் போங்கள். தன்னைப் பற்றிய விஷயத்தில் கருத்துச் சொல்லும் உரிமையை அதே ஐ.நா. உடன்படிக்கையின் 7-ஆம் பிரிவு குழந்தைக்கே கொடுக்கிறது. பெரியவர்கள் சேர்ந்து யோசித்த எல்லாவற்றையும்விட, "முதல் பெஞ்சில் உட்கார வைக்காதீர்கள், பின்னால் எல்லோரும் என்னைப் பார்க்கிறார்கள் என்றே தோன்றுகிறது" என்று ஒரு பெண் எழுதிக் கொடுத்த வரி ஒரு கூட்டத்தில் அதிகம் வேலை செய்தது.

இதெல்லாம் பழகியவர்கள் அடுத்து இன்னொரு பெற்றோரோடு துணைக்குப் போகலாம். எல்லோரும் போக வேண்டியதில்லை, சொந்தப் பிள்ளையைப் பார்ப்பதற்குள்ளேயே மூச்சு வாங்குகிறவர்களிடம் இதைக் கேட்பது நியாயமில்லை. போகிறவர்களுக்கு நான் கண்டிப்பாகச் சொல்வது: அங்கே உங்கள் பிள்ளையின் கதையைச் சொல்லாதீர்கள். அவருக்குப் பதிலாகப் பேசவும் வேண்டாம். பக்கத்தில் உட்கார்ந்து யார் என்ன சொன்னார்கள் என்று எழுதுங்கள், அவர் கேட்க மறந்த கேள்வியை நோட்டில் விரலால் காட்டுங்கள். கேட்டதை வெளியில் பேசக் கூடாது, வாட்ஸ்அப் குழுவில் கூட. மருந்து, சிகிச்சை பற்றி ஆலோசனை சொல்லக் கூடாது. அடியோ, பள்ளியை விட்டு நீக்குவதோ என்று விஷயம் போனால் உடனே வழக்கறிஞரிடம் அனுப்பிவிட வேண்டும்.

கூட்டத் தேதி நெருங்கிவிட்டது, பயிற்சிக்கெல்லாம் நேரமில்லை என்று சிலர் போன் செய்கிறார்கள். அவர்களிடம் சொல்வதையே இங்கேயும் சொல்கிறேன். பிள்ளையைப் பற்றிப் பள்ளியிடம் உள்ள எல்லா ரிப்போர்ட்டுக்கும் நகல் வேண்டும் என்று இன்றைக்கே எழுதிக் கேளுங்கள், கூட்டத்துக்கு முன்பே வேண்டும் என்று தேதியும் போடுங்கள். கேட்கப் போகும் மூன்று விஷயங்களை ஒரே பக்கத்தில் எழுதி, கூட உட்கார ஒருவரை அழைத்துக்கொள்ளுங்கள். அன்று இரவே, தூங்குவதற்கு முன், "இன்று பேசியதில் நான் புரிந்துகொண்டது இவை, விட்டுப்போனது ஏதாவது இருந்தால் தெரிவியுங்கள்" என்று ஒரு மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள்.