ஈவுத்தொகைக் கொள்கை: ஒரு சொல் விளக்கம்

ஈட்டிய இலாபத்தில் எவ்வளவைப் பங்குதாரர்களுக்குக் கொடுப்பது, எவ்வளவைத் தொழிலுக்கென்று வைத்துக்கொள்வது என்பதை ஒரு நிறுவனம் முன்கூட்டியே வகுத்துக்கொள்ளும் நெறியை ‘டிவிடெண்ட் பாலிசி’ என்கிறார்கள். இதற்கு ‘ஈவுத்தொகைக் கொள்கை’ என்பதே பொருத்தமான தமிழ். பங்காதாயம் என்று எழுதுவோர் உண்டு. இலங்கைத் தமிழர் பங்கிலாபம் என்பர். இரண்டும் பிழையல்ல. ஆயினும் இலாபத்தில் தனக்குரிய பங்கு என்பதைத்தான் அவை சொல்கின்றன. அது கொடுக்கப்பட்டதா என்பதைச் சொல்வதில்லை.

டிவிடெண்ட் என்பதன் மூலம் ‘டிவிடெண்டும்’ என்ற இலத்தீன் சொல். ‘பகுக்கப்பட வேண்டியது’ என்று அதற்குப் பொருள். கணக்குப் பாடத்தில் ஆங்கிலச் சொல் இன்றும் அப்பொருளில் நிற்கிறது. 100ஐ 4ஆல் வகுத்தால் 100 வகுபடும் எண், அதுவே டிவிடெண்ட். கிடைக்கும் 25 ஈவு. வணிகத்தில் மட்டும் அச்சொல், பகுக்க வேண்டிய மொத்தத்தை விட்டு நகர்ந்து, பகுத்தபின் ஒவ்வொருவர் கைக்கும் வந்துசேரும் பங்கையும் குறிக்கத் தொடங்கியது. சொல்லுக்குச் சொல் பெயர்த்திருந்தால் ‘வகுபடுதொகை’ என்ற ஒன்று நம்மிடம் வந்திருக்கும். அப்படி நேராமல், ஒருவருக்குக் கிடைப்பது எதுவோ அதன் பெயரான ஈவையே தமிழ் எடுத்துக்கொண்டது. இந்த ஓரிடத்தில் தமிழ்ச் சொல் ஆங்கிலச் சொல்லைவிடத் துல்லியமானது என்றே கருதுகிறேன்.

ஈவு என்பது ‘ஈ’ என்னும் வினையடியிலிருந்து பிறந்தது. ஈதல், ஈகை, ஈவிரக்கம் எல்லாம் இதன் சுற்றமே. இங்கே ஒரு தடை எழக்கூடும்: பங்குதாரர் நிறுவனத்தின் உடைமையாளர் அல்லவா, அவருக்குக் கொடுப்பதைக் கொடை போலச் சொல்லலாமா? ஈ, தா, கொடு என்ற மூன்று சொற்களையும் வேறுபடுத்தும் தொல்காப்பியம், ‘ஈ’ என்பது இழிந்தோன் உயர்ந்தோனிடம் கேட்கும் சொல் என்கிறது. விந்தை என்னவென்றால், நடைமுறை இதற்கு வெகு தொலைவில் இல்லை. ஈவுத்தொகையை இயக்குநர் குழு பரிந்துரைக்க, பொதுக்கூட்டம் அறிவிக்கிறது. வழக்கமான அமைப்பு விதிகளின்படி, குழு பரிந்துரைத்ததைவிடக் கூடுதலாக அறிவிக்கும் உரிமை பங்குதாரர்களின் கூட்டத்துக்குக் கிடையாது. அறிவிப்பு வந்த பின்னரே அது கடனாக மாறுகிறது; இந்தியாவில் 30 நாட்களுக்குள் கொடுத்துவிட வேண்டும்.

‘தொகை’ என்ற பின்னொட்டும் வீணாக ஒட்டியதன்று. டச்சுக் கிழக்கிந்திய நிறுவனம் 1610இல் தன் பங்குதாரர்களுக்குச் சாதிபத்திரி என்னும் நறுமணப் பொருளையே ஈவாக அளந்து கொடுத்தது. 2013ஆம் ஆண்டின் இந்திய நிறுவனச் சட்டமோ ஈவுத்தொகை பணமாகவே தரப்பட வேண்டும் என்கிறது. ஆகவே பணத்துக்குப் பதிலாக இலவசமாக ஒதுக்கும் கூடுதல் பங்குகளான போனஸ் பங்குகளை ஈவுத்தொகை என்று எழுதுவது தவறு.

இனிக் கொள்கை. இது ‘கொள்’ என்பதிலிருந்து வந்தது. ஈ, கொள் என்ற எதிரெதிரான இரண்டு வினைச்சொற்கள் இத்தொடரில் அருகருகே வந்து அமர்ந்தது தற்செயலே எனினும், வளரும் தொழில்நுட்ப நிறுவனம் ஒன்றின் இக்கட்டு முழுவதும் இவ்விரண்டுக்கும் இடையில்தான் இருக்கிறது. மைக்ரோசாப்ட் 1986இல் பங்குச் சந்தைக்கு வந்தது. முதல் ஈவுத்தொகையைப் பங்கு ஒன்றுக்கு 8 சென்ட் என்று 2003இல்தான் அறிவித்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் அதற்கு ஈவுத்தொகைக் கொள்கை இல்லை என்று சொல்வது சரியன்று. கொடாமையே அதன் கொள்கை. கையிலுள்ள பணத்தை ஆராய்ச்சியிலும் புதிய மென்பொருளிலும் இட்டால், பங்குதாரர் அதை வெளியே முதலிட்டுப் பெறுவதைவிடக் கூடுதலாக வரும் என்ற நம்பிக்கை இருக்கும்வரை அது நியாயமானதும்கூட. 2004இல் அதே நிறுவனம் பங்குக்கு 3 டாலர் வீதம், ஏறக்குறைய 3,200 கோடி டாலரைச் சிறப்பு ஈவுத்தொகையாக அறிவித்தது. கூகுளின் தாய் நிறுவனமான ஆல்பபெட் 2024 வரை காத்திருந்தது. தொழில்நுட்ப நிறுவனம் முதன்முறை ஈவுத்தொகை அறிவிக்கும்போது, வளர்ச்சி தணிந்துவிட்டதோ என்று சந்தை ஐயுறுவதும் இதனால்தான். ஒருமுறை கொடுக்கத் தொடங்கினால் குறைப்பது கடினம். குறைத்தால் அதையே நலிவின் அறிகுறியாகப் படிப்பார்கள்.

இந்தியாவில் இக்கொள்கையை எழுதி வெளியிடுமாறு பங்குச் சந்தை ஒழுங்குமுறை வாரியமான செபி 2016இல் சந்தை மதிப்பில் முதல் 500 நிறுவனங்களைப் பணித்தது. 2021இல் அது 1,000 ஆயிற்று. எந்தச் சூழலில் ஈவுத்தொகையை எதிர்பார்க்கலாம், எதில் கூடாது, நிறுத்திவைத்த இலாபம் எதற்குப் பயன்படும் என்பவை அதில் இருக்க வேண்டும். இன்போசிஸ் 2024-25 முதலான 5 ஆண்டுகளில், மூலதனச் செலவு போக மிஞ்சும் ரொக்கத்தில் சுமார் 85 விழுக்காட்டை ஈவுத்தொகையாகவும் பங்குகளைத் திரும்ப வாங்குவதன் வழியாகவும் தருவதாக அறிவித்திருக்கிறது. ஈவுத்தொகையும் பங்கு மீட்பும் சேர்ந்த இத்தகைய அறிவிப்பை ஈவுத்தொகைக் கொள்கை என்று மட்டும் சுருக்காமல், மூலதனப் பகிர்வுக் கொள்கை என்று எழுதுவதே பொருந்தும்.

செய்தி எழுதுவோர் கவனிக்க வேண்டியது இன்னொன்று உண்டு. ‘500 விழுக்காடு ஈவுத்தொகை’ என்றால் அந்த விழுக்காடு முகமதிப்பின் மீது, அதாவது சந்தை விலையின் மீதன்று, பங்குக்கெனக் குறிக்கப்பட்ட அடிப்படை மதிப்பின் மீது. முகமதிப்பு 1 ரூபாய் எனில் கைக்கு வருவது 5 ரூபாய்தான். ‘பங்கொன்றுக்கு 5 ரூபாய் ஈவுத்தொகை’ என்று எழுதினால் குழப்பமே இராது.