அது ஹைடன் இல்லை, ஹோஃப்மன்

போன வாரம் ஒரு மாலை. மறுநாள் அச்சுக்குப் போக வேண்டிய நிகழ்ச்சித்தாளின் புரூஃபை என் மேசையில் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். மூன்றாவது வரி: 'ஜோசப் ஹைடன், ஃப்ளூட் கான்செர்ட்டோ, டி மேஜர்.' (ஹைடன் 18ஆம் நூற்றாண்டின் பெரிய ஆஸ்திரிய இசையமைப்பாளர். கான்செர்ட்டோ என்றால் ஒரு வாத்தியம் முன்னால் நிற்க, இசைக்குழு கூடச் சேர்ந்து வாசிக்கும் படைப்பு. டி மேஜர் அதன் சுருதி.) சிவப்புப் பேனாவை எடுத்து ஹைடன் பெயரை அடித்துவிட்டு, மேலே 'லியோபோல்ட் ஹோஃப்மன்' என்று எழுதினேன். அவர் அதே காலத்து வியன்னா இசையமைப்பாளர். இதே திருத்தத்தை இந்த வருடத்தில் நான்காவது முறையாகச் செய்கிறேன்.

அரை மணி நேரத்தில், அதை வாசிக்கவிருக்கும் பெண் போன் செய்தாள். "மேடம், எங்க சார் முப்பது வருஷமா ஹைடன்னு சொல்லித்தான் கத்துக்கொடுக்கிறார். அட்டையிலயும் அப்படித்தான் போட்டிருக்கு. அதோட, கேட்டாலே தெரியுதே மேடம், ஹைடன் மாதிரிதானே இருக்கு?"

அந்தக் கடைசிக் கேள்விதான் என்னை எழுத உட்கார வைத்தது. நான் இசைக்குழு ஒன்றில் நூலகராக வேலை பார்க்கிறேன். நோட்டுத்தாள் வரவழைப்பது, வயலின்காரர்களுக்கு வில் குறிகளைப் பென்சிலால் போட்டுக் கொடுப்பது, கச்சேரி முடிந்ததும் எண்ணி அடுக்குவது எல்லாம் என் பொறுப்பு. 'கேட்டாலே தெரியும்' என்ற பேச்சை மாணவர்களிடம் மட்டுமல்ல, மேடையில் தலை நரைத்தவர்களிடமும் கேட்கிறேன்.

தெரியாது. காதால் மட்டும் தெரியவே தெரியாது. ஹைடன் விஷயத்தில் காது இரண்டு பக்கமும் தவறியிருக்கிறது.

முதலில் ஒரு பக்கம். இன்று உலகெங்கும் செல்லோக்காரர்கள் வாசிக்கும் டி மேஜர் செல்லோ கான்செர்ட்டோ, ஹைடன் 1783இல் எழுதியது. அது அவருடையது அல்ல, ஹைடன் வேலை பார்த்த எஸ்டர்ஹாசி பிரபு குடும்பத்தின் இசைக்குழுவில் செல்லோ வாசித்த அன்டோன் கிராஃப்ட் எழுதியது என்று நூறு வருடத்துக்கும் மேலாகப் பேசினார்கள். 'இவ்வளவு வித்தை காட்டும் செல்லோ எழுத்து ஹைடனுக்கு வராது' என்று காதை நம்பித் தீர்ப்புச் சொன்னவர்கள் உண்டு. 1950களின் தொடக்கத்தில் வியன்னாவில் ஹைடன் கைப்பட எழுதிய பிரதியே கிடைத்தது, கையொப்பமும் ஆண்டும் போட்டு. அதோடு வழக்கு முடிந்தது.

இப்போது மறுபக்கம். 1993 டிசம்பரில், தொலைந்துபோன ஆறு ஹைடன் பியானோ சொனாட்டாக்கள் (பியானோ தனியாக வாசிக்கும் படைப்புகள்) கிடைத்துவிட்டன என்று செய்தி வந்தது. அவை கான்செர்ட்டோ இல்லை, ஆனால் பாடம் ஒன்றுதான். ஹைடன் ஆய்வில் வாழ்நாளைச் செலவிட்ட ராபின்ஸ் லாண்டன் அவற்றை நம்பினார். பியானோ மேதை பால் படூரா-ஸ்கோடா வாசித்துப் பார்த்து, ஹைடன்தான் என்றார். அவர்களைவிட நல்ல காது யாருக்கு இருக்கிறது? கொலோனில் உள்ள ஹைடன் ஆய்வு நிறுவனத்தார் தாள்களைப் பரிசோதித்தார்கள். கைக்கு வந்தவை ஒளிநகல்கள் மட்டும். மூலத்தாள் கண்ணில் காட்டப்படவே இல்லை. அவை நம் காலத்தில் செய்த போலி என்று சொல்லிவிட்டார்கள். போலி செய்தவர் கெட்டிக்காரர். ஹைடனின் சொந்தப் பட்டியலில் அந்த சொனாட்டாக்களின் தொடக்க அடிகள் மட்டும் மிஞ்சியிருந்தன. அந்த அடிகளை அப்படியே வைத்து, மீதியைத் தானே எழுதிவிட்டார்.

இதே லாண்டன், 1964இல் ஆலன் டைசனோடு சேர்ந்து காகிதத்தை வைத்தே ஓர் உண்மையை வெளிக்கொண்டு வந்தவர் என்பதையும் சொல்ல வேண்டும். ஹைடனின் மூன்றாம் ஓபஸ் (வெளியீட்டு எண்) என்று உலகமே வாசித்த ஆறு குவார்டெட்டுகளின் (நான்கு பேர் வாசிக்கும் படைப்புகள்) பழைய பாரிஸ் அச்சுப்பிரதியை உற்றுப் பார்த்தபோது, அச்சுத் தகட்டில் சுரண்டி அழித்த இடத்தில் ஹோஃப்ஸ்டெட்டர் என்ற பெயரின் தடம் தெரிந்தது. அவர் ஒரு துறவி, ஹைடனின் பெரிய ரசிகர். (எங்கள் ஃப்ளூட் ஹோஃப்மன் வேறு ஆள், பெயர்கள் குழம்ப வேண்டாம்.) காகிதத்தைப் பிடித்தபோது ஜெயித்த மனிதர், காதை நம்பியபோது வழுக்கி விழுந்தார். அவருக்கே அந்தக் கதி என்றால் நாம் எந்த மூலைக்கு?

ஒரு காலத்தில், ஒரே ஊரில், ஒரே மாதிரி இசைக்குழுக்களுக்கு எழுதியவர்கள் ஒரே பாஷையில்தான் எழுதுவார்கள். 1760களின் வியன்னாவில் ஹைடனும் ஹோஃப்மனும் வாகன்சைலும் டிட்டர்ஸ்டோர்ஃபும் ஒரே தெருப் பேச்சைப் பேசியவர்கள். அந்தப் பேச்சு முழுவதையும் 'ஹைடன் பாணி' என்று நாம் பேர் வைத்துவிட்டோம், அவர்களில் ஹைடனை மட்டும் கேட்டு வளர்ந்ததால். அந்தப் பெண் ஹோஃப்மனின் வேறு நான்கு படைப்புகளைக் கேட்டிருந்தால், 'ஹோஃப்மன் மாதிரி இருக்கிறதே' என்றல்லவா சொல்லியிருப்பாள்.

நம் கீர்த்தனைகளில் முத்திரை சாகித்தியத்துக்குள்ளேயே இருக்கும். அப்படி இருந்தும் பெரியவர்கள் பெயரில் பிறர் பாட்டு நுழைந்துவிடுகிறது. கான்செர்ட்டோவில் வார்த்தையே கிடையாது. எழுதியவர் பெயர் அட்டையில் மட்டும். அட்டை கிழிந்தால் போச்சு.

அப்போது கான்செர்ட்டோக்கள் பெரும்பாலும் அச்சாகவில்லை. கையால் படியெடுத்து விற்றார்கள். மடங்களும் பிரபுக்களும் வாங்கினார்கள். 1761இல் ஹைடன் எஸ்டர்ஹாசி அரண்மனையில் வேலைக்குச் சேர்ந்தபோது போட்ட ஒப்பந்தம், எழுதுவதெல்லாம் இளவரசருக்கே சொந்தம், வெளியே பிரதி தரக்கூடாது என்றது. 1779இல் புது ஒப்பந்தம் வந்த பிறகுதான் அந்தக் கட்டு அவிழ்ந்தது. ஆக, வெளியே ஹைடன் இசைக்குக் கிராக்கி, உள்ளேயிருந்து வரத்து இல்லை. மீதியை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம். போதாக்குறைக்கு சால்ஸ்பர்கில் தம்பி மைக்கேல் ஹைடன் இருந்தார், அவரும் பெரிய இசையமைப்பாளர். அட்டையில் 'திரு. ஹைடன்' என்று மட்டும் இருந்தால் எந்த ஹைடன்?

மோசடி, சதி என்று உடனே குதிக்காதீர்கள். படியெடுத்தவர் அசந்திருக்கலாம், வியாபாரி நல்லெண்ணத்தில் தப்பாகக் குறித்திருக்கலாம். ஹைடனின் பெயரில் ஓடும் சி மேஜர் ஓபோ கான்செர்ட்டோவின் பழைய தாள்களில் அவர் பெயர் பின்னால் சேர்க்கப்பட்டது. யாரோ ஒருவர், தனக்குத் தெரிந்த பெரிய பெயரை எழுதி வைத்தார். அவ்வளவுதான்.

சரி, எதைத்தான் நம்புவது? சுமார் 1765இலிருந்து ஹைடன் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருந்தார். தான் எழுதியவற்றின் முதல் சில அடிகளை அதில் குறித்துவைத்தார், படியெடுப்பவரும் எழுதினார். எங்கள் தொழிலில் அதை வரைவுப் பட்டியல் என்போம். அந்த நோட்டு இல்லாவிட்டால் பாதி வழக்குகள் தீர்ந்திருக்காது.

அதில் உள்ள சில வரிகளைப் பார்க்கும்போது நெஞ்சு கனக்கும். கான்ட்ராபாஸுக்கு ஒரு கான்செர்ட்டோ. இரண்டு ஹார்ன்களுக்கு ஒன்று. டி மேஜரில் ஒரு வயலின் கான்செர்ட்டோ. அதோடு, ஆமாம், ஃப்ளூட்டுக்கு ஒன்று, அதுவும் டி மேஜர்தான். எல்லாவற்றுக்கும் தொடக்க அடி இருக்கிறது, இசை இல்லை. ஹைடன் உண்மையில் எழுதிய ஃப்ளூட் கான்செர்ட்டோ தொலைந்துவிட்டது. அந்தக் காலி இடத்தில் ஹோஃப்மனுடையதைக் கொண்டுவந்து உட்கார வைத்துவிட்டார்கள். ஐசன்ஸ்டாட்டில் ஹைடனின் வீடு 1768இலும் 1776இலும் தீப்பிடித்தது. 1779இல் எஸ்டர்ஹாசா அரண்மனையின் நாடக அரங்கு எரிந்தது. காகிதத்துக்கு அதைவிட என்ன கேடு வேண்டும்?

அப்படியும் திரும்பி வந்த ஒன்று உண்டு. அதே நோட்டில், சி மேஜர் செல்லோ கான்செர்ட்டோ ஒன்றின் தொடக்கமும் வெறும் வரியாகத்தான் இருந்தது. 1961இல் ஓல்ட்ரிச் புல்கெர்ட் என்ற ஆய்வாளர், பிராகாவின் தேசிய அருங்காட்சியகத்தில், ராதெனீன் கோட்டையிலிருந்து வந்த தாள்களுக்கிடையே பழைய பார்ட்டுகளின் (ஒவ்வொரு வாத்தியத்துக்குமான தனித் தாள்கள்) கட்டு ஒன்றைக் கண்டார். நோட்டின் தொடக்க அடியும் தாளின் தொடக்க அடியும் பொருந்தின. 1962 மே மாதம் மிலோஷ் சாட்லோ அதை வாசித்தார், சார்ல்ஸ் மெக்கராஸ் நடத்தினார். இன்று அதை வாசிக்காத செல்லோ மாணவர் இல்லை. கவனியுங்கள்: அங்கே நோட்டு மட்டும் சாட்சி இல்லை. 1993இன் போலியும் அதே நோட்டோடு பொருந்தியதுதானே! பழைய தாள், பழைய மை, எந்த வீட்டிலிருந்து வந்தது என்ற வரலாறு எல்லாம் பிராகாவில் இருந்தன. போலியிடம் ஒளிநகல் மட்டும் இருந்தது.

இனி வேலைக்கு வருவோம். அட்டையிலோ பாட்டு ஆப்பிலோ ஹோபோகன் எண் என்று ஒன்று இருக்கும். ஹைடன் படைப்புகளுக்கு ஹோபோகன் என்பவர் போட்ட பட்டியலின் எண் அது. ஏழாம் பிரிவு கான்செர்ட்டோ. அதில் ஏ வயலின், பி செல்லோ, எஃப் ஃப்ளூட், ஜி ஓபோ. அதற்குப் பிறகு வெறும் எண் இருந்தால் ஒரு மாதிரி, சுருதியின் எழுத்து இருந்தால் வேறு மாதிரி. நம் ஃப்ளூட் கான்செர்ட்டோ '7எஃப்:டி1'. அந்த 'டி' கண்ணில் பட்டதும் கை நிற்க வேண்டும். ஹைடனுடையதா என்பது ஐயம் அல்லது ஹைடனே இல்லை என்று அர்த்தம். ஓபோ '7ஜி:சி1', அதுவும் அப்படியே. ஆனால் வெறும் எண் இருந்தால் பத்திரம் என்றும் தூங்கிவிடாதீர்கள். செல்லோவில் நான்காம் எண் இத்தாலிக்காரர் கோஸ்டான்சியுடையது. ஐந்தாம் எண் டேவிட் பாப்பர் என்ற செல்லோ மேதை 19ஆம் நூற்றாண்டில் செய்தது. ஹார்னில் நான்காம் எண் இன்றுவரை ஐயத்தில்தான் இருக்கிறது. ஹோபோகன் அந்தத் தொகுதியை வெளியிட்டது 1957இல். சி மேஜர் செல்லோ கான்செர்ட்டோ கிடைப்பதற்கே நாலு வருடம் முன்னால்.

அதனால், முன்னுரையைப் படியுங்கள். தயவுசெய்து படியுங்கள். கொலோன் நிறுவனம் பதிப்பித்து, ஹென்லே வெளியிடும் ஹைடன் முழுத்தொகுப்பில் ஒவ்வொரு படைப்புக்கும் எந்தத் தாள், எந்த நூலகம், யார் கை என்று எழுதியிருக்கிறார்கள். இலவசமாகக் கிடைக்கும் பழைய ஸ்கேனை இறக்கி, அதன் அட்டையில் உள்ளதை அப்படியே நிகழ்ச்சித்தாளில் அடிக்காதீர்கள். பாட்டு ஆப்களில் வரும் பெயரும் சாட்சி ஆகாது. ஒரே கான்செர்ட்டோ இரண்டு பெயரில் ஓடுவதை நானே பார்த்திருக்கிறேன். 'புதிதாகக் கண்டுபிடித்த' படைப்பு என்று யார் கொண்டுவந்தாலும், மூலத்தாள் எங்கே என்று முதலில் கேளுங்கள். போட்டோ காட்டினால் இன்னொரு முறை கேளுங்கள்.

ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். ஹைடன் இல்லை என்று தெரிந்ததும் அந்தத் தாளைத் தூக்கி மூலையில் போடாதீர்கள். அந்தப் பெண்ணும் அதைத்தான் கேட்டாள்: "அப்போ இதை வாசிக்க வேண்டாமா மேடம்?" ஏன் வாசிக்கக் கூடாது? நேற்று அழகாக இருந்தது இன்று எப்படி அழகில்லாமல் போகும்? ஹோஃப்மன் வியன்னாவின் ஸ்டீஃபன் பேராலயத்தின் இசைத் தலைவர். 1791இல் மோட்சார்ட் சம்பளமே இல்லாமல் அவருக்குத் துணையாளாக இருக்கச் சம்மதித்தார், அவருக்குப் பின் அந்தப் பதவி கிடைக்கும் என்று. ஹைடனுக்கு அவரைக் கட்டோடு பிடிக்காது. 1781இல் ஒரு கடிதத்தில் அவரைத் தற்பெருமைக்காரர் என்றும், அவருடைய பாட்டுகளைத் தெருப்பாட்டு என்றும் திட்டியிருக்கிறார். அந்த ஹைடனின் பெயரையே அவர் உழைப்பின் மேல் ஒட்டி, இத்தனை காலம் வாசித்திருக்கிறோம். ஹோஃப்மன் இறந்தது 1793இல். தன் பெயரைத் திருப்பிக் கேட்க அவர் வரமாட்டார்.

புரூஃபில் 'லியோபோல்ட் ஹோஃப்மன் (முன்பு ஹைடனுடையதாகக் கருதப்பட்டது)' என்று எழுதிக்கொடுத்தேன். அடைப்புக்குறியில் இருப்பதையும் விடாதீர்கள். பழைய பெயரில் தேடி வருபவர் குழம்பாமல் இருப்பார். உங்கள் நிகழ்ச்சித்தாள் ஏற்கெனவே அச்சாகி வந்துவிட்டதா? பரவாயில்லை, யாராவது ஒருவர் மேடையில் வாயால் சொல்லிவிடுங்கள். அரை நிமிடம்கூட ஆகாது.