காசிமேட்டு நண்டை நூறு மடங்கு பெரிதாக்கினால்

ராயபுரத்தில் இருக்கும் அக்கா பையன் ஒரு அறிவியல் புனைகதை எழுதுகிறான். எண்ணூரைக் காவல் காப்பது பத்து மீட்டர் அகல நண்டு, உயிருள்ள போர் எந்திரம். ஓட்டுக்குள் உட்கார்ந்து ஒரு பெண் அதை ஓட்டுகிறாள். "மாமா, இது நடக்குமா?" என்று கேட்டான்.

நிலத்தில் நடக்காது. பத்து சென்டிமீட்டர் நண்டு 200 கிராம் என்று வையுங்கள். எல்லாப் பக்கமும் நூறு மடங்கு வளர்த்தால் காலின் குறுக்குவெட்டு 10,000 மடங்கு கூடும். எடையோ 10 லட்சம் மடங்கு, அதாவது 200 டன். எலியோ யானையோ, ஒரு சதுர சென்டிமீட்டர் தசை சுமார் மூன்று கிலோதான் இழுக்கும். காலின் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டருக்கும் நூறு மடங்கு பாரம் வரும்; கால் ஒடிந்துவிடும். சூடு வேறு: தசை எரிக்கும் ஆற்றலில் முக்கால் பங்கு வெப்பமாகிறது. அதனால் எந்திரத்தை முகத்துவாரத் தண்ணீரிலேயே விடச் சொன்னேன். எடையையும் சூட்டையும் தண்ணீரே வாங்கிக்கொள்ளும்.

எனக்குப் பிடித்த சிக்கல் நரம்பு. முதுகெலும்பில்லாத உயிர்களின் நரம்புக்குப் பெரும்பாலும் நம்முடையதுபோல் கொழுப்பு உறை கிடையாது. வேகம் வேண்டுமானால் இழையைத் தடிமனாக்க வேண்டும். கடம்பாவின் (ஸ்குவிட்) ராட்சத நரம்பிழை ஒரு மில்லிமீட்டர் வரை தடிக்கும். நரம்பில் மின்துடிப்பு எப்படி ஓடுகிறது என்பதை ஹாட்ஜ்கின், ஹக்ஸ்லி என்ற இரு விஞ்ஞானிகள் 1952-இல் விளக்கியது அதை வைத்துத்தான். 1963-இல் நோபல் பரிசும் கிடைத்தது. அந்த இழையிலேயே வேகம் நொடிக்கு 25 மீட்டர் அளவுதான். பத்து மீட்டர் தூரம் போய்வர 0.8 நொடி ஆகும். சண்டையில் அது சாவுக்குப் போதும்.

வழியைக் காட்டியது காசிமேட்டு ஏலக்கூடம். ஒருநாள் விடியலில், கூடையில் வெட்டிப் போட்டிருந்த பேய்க்கணவாய் (ஆக்டோபஸ்) கை ஒன்றைத் தொட்டேன். உறிஞ்சிகள் ஒவ்வொன்றாக என் விரலைப் பற்றின. உடல் பக்கத்துக் கூடையில் கிடந்தது! அதன் சுமார் 50 கோடி நரம்பணுக்களில் மூன்றில் இரண்டு பங்கு கைகளில்தான் இருக்கிறது. நம் எந்திரமும் அப்படியே இருக்கட்டும். ஓட்டுபவள் "அதைப் பிடி" என்றால் போதும். எப்படி வளைவது, எங்கே இறுக்குவது என்பதைக் கையே முடிவு செய்யும்.

ஓடு மட்டும் நண்டினுடையதாக இருக்கலாம். ஆனால் வளர வேண்டுமானால் நண்டு ஓட்டைக் கழற்றியே ஆகவேண்டும். புது ஓடு இறுகும்வரை உடம்பு மெத்தென்று இருக்கும். அந்த நாட்களில் எந்திரம் கொசஸ்தலை ஆற்றுச் சேற்றில் பதுங்கிக் கிடக்க, ஓட்டுபவள் எங்கே இருப்பாள்? இரண்டாம் அத்தியாயத்தை அவன் அங்கிருந்துதான் தொடங்கியிருக்கிறான்.