சுற்றாத சாலைக்குச் சுற்றுச்சாலை என்று பெயரா?

பைபாஸுக்குத் தமிழில் ‘புறவழி’ என்ற நல்ல சொல் ஏற்கெனவே இருக்கிறது. நெடுஞ்சாலைப் பலகைகளிலேயே இருக்கிறது. அப்படியிருக்க, காரைக்குடி 2024-இல் மாநகராட்சி ஆனதிலிருந்து எங்கே திரும்பினாலும் ‘சுற்றுச்சாலை’. மனை விற்கிறவர் நோட்டீஸில் சுற்றுச்சாலை, கல்யாணப் பத்திரிகையில் மண்டப முகவரி சுற்றுச்சாலை, லாரி கவிழ்ந்த செய்தியிலும் சுற்றுச்சாலை. எதைத்தான் சொல்கிறார்கள் என்று விசாரித்தால், ஊருக்கு ஒரு பக்கமாக ஒதுங்கிப் போகிற அதே திருச்சி–ராமேஸ்வரம் பைபாஸ்! மதுரைக்கு ஒரு சுற்றுச்சாலை இருக்கும்போது நமக்கும் ஒன்று வேண்டாமா என்ற ஆசை புரிகிறது. ஆசைப்பட்டதற்காக சாலை வளைந்து கொடுக்காது.

பைபாஸின் பூர்விகத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆங்கிலத்தில் அது முதலில் சாலைச் சொல்லே அல்ல. 19-ஆம் நூற்றாண்டின் நடுவில், எரிவாயுக் குழாயின் பெரிய திருகை மூடினாலும் சின்னச் சுடர் அணையாமல் எரிவதற்காக, அந்தத் திருகை ஒதுக்கி ஓரமாக விட்ட சிறு குழாய்க்கு அந்தப் பெயர். மோட்டார் வண்டிகள் பெருகிய 1920-களில் சாலைக்கு வந்தது. அப்புறம் இதயத்துக்கும் போனது. மூன்றிலும் கருத்து ஒன்றுதான்: நெரிசலோ அடைப்போ உள்ள இடத்துக்குள் நுழையாமல் பக்கத்தால் போய், அந்தண்டைப் பக்கம் பழைய தடத்திலேயே சேர்ந்துகொள்வது. சுற்றுகிற பேச்சே இதில் கிடையாது.

புறம் என்றால் வெளி. அகத்துக்கு எதிர்ச்சொல். கோவலனும் கண்ணகியும் மதுரைக் கோட்டைக்கு வெளியே தங்கிய இடத்துக்குப் புறஞ்சேரி என்று பெயர். இன்றைய புறநகரும் அதே வேர்தான். வழிக்கு விளக்கம் தேவையில்லை. புறம் வழியாகப் போவது புறவழி. முடிந்தது.

இதைப் பண்டிதர்கள் உட்கார்ந்து ஆக்கிய சொல் என்று தள்ளிவிட முடியாது. ‘பைபாஸ் ரைடர்’ என்று போர்டு மாட்டிய பஸ்ஸில் கூடையோடு ஏற வருகிற ஆச்சி கண்டக்டரிடம் என்ன கேட்கிறார் என்று காது கொடுங்கள். “தம்பி, திருப்பத்தூர் ஊருக்குள்ள போகுமா, பைபாஸா?” அவர் பதில்: “உள்ள போகாது ஆச்சி, பைபாஸ்ல இறக்கிவிடுறேன்.” ஊருக்குள்ளா, ஊருக்கு வெளியிலா? மக்கள் மனத்தில் இருக்கிற பிரிவினை இவ்வளவுதான். புறவழி என்ற சொல் அந்தக் கேள்விக்கு நேராகப் பதில் சொல்கிறது. சுற்றுச்சாலை என்ற சொல் கேட்காத கேள்விக்குப் பதில் சொல்கிறது.

சரி, சுற்றுச்சாலைக் கட்சியின் வாதத்தையும் பார்ப்போம். “ஊரைச் சுற்றித்தானே போகிறது, அப்புறம் சுற்றுச்சாலை என்றால் என்ன தப்பு?” என்கிறார்கள். தப்பு இரண்டு இடத்தில் இருக்கிறது.

முதலாவது, தமிழில் சுற்று என்றால் தொடங்கிய இடத்துக்கே வந்து சேர வேண்டும். பிள்ளையார்பட்டிக்குப் போய்க் கோயிலை ஒரு சுற்றுச் சுற்றுகிறோம். பாதியில் மேற்கு மூலையில் நின்றுவிட்டு ‘ஒரு சுற்று முடிந்தது’ என்று யாராவது சொல்வார்களா? கருவறையைச் சூழ்ந்த பிராகாரத்துக்குக் கல்வெட்டுகள் தந்த பெயர் திருச்சுற்று. நாலு பக்கமும் மூடினால்தான் அது திருச்சுற்று. நம்முடைய பைபாஸில் திருச்சிப் பக்கம் ஏறினால் ராமேஸ்வரம் பக்கம்தான் இறங்கலாம். அதிலேயே போய்க்கொண்டிருந்தால் ஏறிய இடத்துக்குத் திரும்பவே முடியாது, கடலைத்தான் பார்க்கலாம். ஒரு சாலைக்கு எந்தப் பெயர் பொருந்தும் என்று அறிய இந்த ஒரு சோதனை போதும்: வண்டியைத் திருப்பாமல் ஓட்டினால் கிளம்பிய இடம் வருமா? வந்தால் சுற்றுச்சாலை. வராவிட்டால் வேறு பெயர் பாருங்கள்.

இரண்டாவது, இதுதான் எனக்கு உறுத்துகிறது. பேச்சுத் தமிழில் ‘சுற்றிப் போவது’ என்றால் வேண்டாத தூரம் போவது. “ஏண்டா இப்படிச் சுத்தி வந்தே?” என்றால் அது திட்டு. சுற்றுவழி என்றாலே நீண்ட வழி, சுற்றி வளைத்துப் பேசுவது என்றால் விஷயத்துக்கு வராமல் இழுப்பது. ஊருக்குள் நுழைந்து, நெரிசலில் மாட்டி, ஆட்டோவுக்கும் மாட்டுக்கும் வழிவிட்டு ஊர்ந்து போகிற நேரத்தை மிச்சப்படுத்தக் கோடிக்கணக்கில் செலவழித்துப் போடுகிற சாலைக்கு, ‘வீணாகச் சுற்றுகிற சாலை’ என்று நாமே பெயர் வைக்கிறோம்.

மதுரையைக் காட்டி மடக்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அங்கே உத்தங்குடியிலிருந்து கப்பலூர் வரை சுமார் 27 கிலோமீட்டர் போகிற சாலை ஊரின் கிழக்கையும் தெற்கையும்தான் அணைக்கிறது. அதையும் முழுச் சுற்று என்று சொல்ல முடியாது. ஆனால் அசல் சுற்றுச்சாலை பார்க்க வேண்டுமானால் அதே மதுரையில் மீனாட்சி கோயிலைச் சுற்றி நடங்கள். ஆடி வீதி, சித்திரை வீதி, ஆவணி மூல வீதி, மாசி வீதி என்று ஒன்றுக்குள் ஒன்றாக நாலு பக்கமும் மூடிய வீதிகள். எல்லாவற்றுக்கும் வெளியே வெளி வீதி. 1840-களில் கலெக்டர் பிளாக்பர்ன் கோட்டைச் சுவரை இடித்து அகழியைத் தூர்த்தபோது பிறந்தது அது. அந்த வேலையில் இருந்த மாரட்டும் பெருமாள் மேஸ்திரியும் இன்றைக்கும் பக்கத்துத் தெருக்களின் பெயராக இருக்கிறார்கள். ‘அவுட்டர் ரிங் ரோடு’ என்ற ஆங்கிலத்தைப் பார்த்து விழிக்கிற மொழிபெயர்ப்பாளர், ‘வெளி வீதி’ என்று எவ்வளவு லேசாகப் பெயர் வைத்திருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும்.

இன்னொன்று, இந்த விஷயத்தில் ஆங்கிலமே யோக்கியம் இல்லை. சென்னையின் வெளிவட்டச் சாலை வண்டலூரிலிருந்து மீஞ்சூர் வரை 62 கிலோமீட்டர். கிழக்கே கடல் இருக்கிற ஊருக்கு வட்டம் எங்கிருந்து வரும்? ஆங்கிலத்தில் ‘ரிங்’ என்று பெருமைக்குச் சொன்னதை நாம் அப்படியே ‘வட்டம்’ என்று எழுதிக்கொண்டோம். அதற்கும் வெளியே, எண்ணூரிலிருந்து மாமல்லபுரம் பக்கம் வரை சுமார் 133 கிலோமீட்டருக்குப் போடுகிற சாலைக்கு ‘சென்னை எல்லைச் சாலை’ என்று பெயர். எதனுடைய எல்லை? மூன்று மாவட்டங்களின் ஊடே போகிற சாலை அது. திருச்சியில் ஆங்கிலத்தின் ‘செமி ரிங்’ தமிழுக்கு வரும்போது ‘அரைவட்டச் சுற்றுச்சாலை’ ஆகிவிடுகிறது. அரை வட்டம் என்று ஒத்துக்கொண்ட வாயால் உடனே சுற்று என்றும் சொல்லியாகிவிட்டது. ‘பிறைச்சாலை’ என்று வைக்கலாமே என்று ஒருநாள் தோன்றியது. வேகமாகச் சொல்லிப் பார்த்தால் சிறைச்சாலை மாதிரி ஒலிக்கிறது. விட்டுவிட்டேன்.

பெயரில் என்ன இருக்கிறது, சாலை நன்றாக இருந்தால் போதும் என்று நினைக்கலாம். நிலம் வைத்திருக்கிறவரைக் கேட்டுப் பாருங்கள். 1956-ஆம் ஆண்டு தேசிய நெடுஞ்சாலைச் சட்டத்தின் 3ஏ பிரிவில், நிலம் எடுக்கப் போகிறோம் என்று முதலில் அரசிதழில் அறிவிக்க வேண்டும். அதன் சாரத்தை இரண்டு உள்ளூர்ப் பத்திரிகைகளில் போட வேண்டும், அதில் ஒன்று வட்டார மொழியில் இருக்க வேண்டும். அரசிதழ் தேதியிலிருந்து 21 நாளைக்குள் ஆட்சேபணை கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டாலோ, கொடுத்தது தள்ளுபடியானாலோ, நிலத்தை எடுத்தாகிவிட்டது என்கிற 3டி பிரிவு அறிவிக்கை வந்த அன்று நிலம் மத்திய அரசுக்குப் போய்விடும். எஞ்சுவது பணப் பேச்சுதான். ஆக, நம்மவர் கைக்கு வருகிற தமிழ்ச் சொல் அந்தப் பத்திரிகைத் துண்டில் இருக்கிற சொல். சுற்றுச்சாலை என்றிருந்தால் நாலு திசையிலும் உள்ளவர்கள் பதறுவார்கள். அல்லது, எல்லோருக்கும் பொதுவாக என்னவோ வருகிறது என்று சம்பந்தப்பட்டவரே சும்மா இருந்துவிடுவார். ‘மேற்குப் புறவழி’ என்று போட்டால் மேற்கே காடு வைத்திருக்கிறவர் அன்றைக்கே சர்வே நம்பரைத் தேடி எடுப்பார். கோயம்புத்தூரில் மைல்கல் என்ற இடத்திலிருந்து நரசிம்மநாயக்கன்பாளையம் வரை திட்டமிட்ட சாலைக்கு மேற்குப் புறவழிச்சாலை என்றுதான் பெயர் வைத்தார்கள். எந்தப் பக்கம் என்று பெயரே சொல்லிவிடுகிறது.

எங்கள் பக்கத்தில் அந்த ‘எந்தப் பக்கம்’ பெரிய கேள்வி. இங்கே மழைத்தண்ணீர் பெரும்பாலும் மேற்கிலிருந்து கிழக்காக இறங்கும். வரத்துக்கால் என்கிற வாய்க்கால் வழியே வந்து ஒரு கண்மாய் நிறைந்து, மிஞ்சியது மறுகால் பாய்ந்து, அடுத்த கண்மாய்க்குப் போகும். ஊருக்கு நடுவே இருக்கும் ஊருணிக்குத் தெருவிலிருந்தே நீர் வழிந்து சேரும்படி வாட்டம் பார்த்துக் கட்டியவர்கள் நம் முன்னோர். பைபாஸ் என்பது செம்மண்ணும் கிராவலும் கொட்டி ஆள் உயரத்துக்கு மேல் எழுப்புகிற கரை. வடக்குத் தெற்காக அது ஓடினால் குறுக்கே வருகிற ஒவ்வொரு வரத்துக்காலுக்கும் பாலம் விட வேண்டும். வெறும் குழாயைப் பதித்து, வாய் மட்டம் வரத்துக்காலுக்கு ஒரு முழம் மேலே இருந்தால், மேற்கே வயல் முங்கும், கிழக்கே கண்மாய் காயும். ஒரு பக்கக் கரை என்றால் ஒரு கணக்கு. முழுச் சுற்று என்றால் முழுதும் வேறு கணக்கு. வாசித்ததும் ஊர்க்காரர் மனத்தில் சரியான படம் விழ வேண்டாமா?

‘மாற்றுப்பாதை’ என்று பைபாஸை எழுதுகிறவர்களும் சிலர் உண்டு. அது பாலம் உடைந்தாலோ திருவிழாவுக்குத் தெருவை அடைத்தாலோ நாலு நாளைக்கு விடுகிற தற்காலிகத் தடம். தார் போட்டுச் சுங்கச்சாவடியும் வைத்துவிட்ட சாலை யாருக்கும் மாற்று அல்ல.

நான் தூய தமிழ்க்காரன் அல்ல என்பதையும் சொல்லிவிடுகிறேன். தேவகோட்டை ரஸ்தா என்று தினமும் சொல்கிற பகுதி இது. சாலை என்ற பொருளில் பாரசீகத்திலிருந்து இந்துஸ்தானி வழியாக வந்த ரஸ்தா இங்கே ஊர்ப் பெயராகவே உட்கார்ந்துவிட்டது. அதை எழுப்ப யாரும் வேண்டாம். பைபாஸ் என்று பேசுவதிலும் எனக்குச் சண்டை இல்லை. ஆஸ்பத்திரியில் பைபாஸ் ஆபரேஷன் பைபாஸ் ஆபரேஷனாகவே இருக்கட்டும். தமிழில் எழுதுவது என்று முடிவுசெய்துவிட்டால் மட்டும், பொருள் பொருந்துகிற சொல்லை எழுதுங்கள்.

எழுத்தையும் பாருங்கள். தமிழ்த்தாய்க்கே கோயில் கட்டிய இந்த ஊரில் பிளக்ஸ் போர்டுகளில் ‘புரவழி சாலை’ என்று சின்ன ரகரம் போடுகிறார்கள். புரம் என்றால் நகரம், காஞ்சிபுரத்தில் வருகிற புரம். புரவழி என்றால் ஊருக்குள் போகிற வழி என்று ஆகிவிடும். ஓர் எழுத்தில் சாலையைத் தூக்கி ஊருக்கு நடுவே போட்டுவிட்டார்கள்!

கடைசியாக அந்த ‘சாலை’யையும் ஒரு பிடி பிடிக்க வேண்டும். குறுக்குவழி என்றால் போதும், குறுக்குவழிச்சாலை என்று யாரும் சொல்வதில்லை. புறவழியும் அப்படித்தான் நிற்கும். வழி உள்ளே இருக்கும்போது வாலில் சாலை எதற்கு? சோழர் காலக் கல்வெட்டில் ‘ராஜகேசரிப் பெருவழி’ என்று பொறித்தவர்கள் பெருவழிச்சாலை என்று பொறிக்கவில்லை. இந்த வாலால் வருகிற குழப்பம்தான் ‘நான்குவழிப் புறவழிச்சாலை’. இதில் முதல் வழி, வண்டிகள் வரிசையாக ஓடுகிற தடம். இரண்டாவது வழி, ஊரைத் தவிர்த்துப் போகிற பாதை. அதே பலகைக்குப் பக்கத்தில் ‘ஒருவழிப்பாதை’ என்றிருந்தால் அந்த வழி, போகிற திசை. ஒரே சொல்லுக்கு மூன்று வேலை கொடுத்திருக்கிறோம், தடம் என்ற சொல் வேலை இல்லாமல் உட்கார்ந்திருக்கிறது. நான்குதடப் புறவழி என்று எழுதலாம். பெயின்ட்டும் மிச்சம்.