ஜாமீன் கிடைத்துவிட்டது, கட்டப் பணமில்லை

ஒருவர் மீது வழக்கு விழுந்தால், தீர்ப்புக்கு வெகு முன்பே செலவு வந்துவிடுகிறது. நகல் எடுக்கும் செலவு, வக்கீல் கட்டணம், வாய்தாவுக்கு வாய்தா பறிபோகும் ஒரு நாள் கூலி. பல வீடுகளில் முதலில் அடகுக்கடைக்குப் போவது மனைவியின் தோடுதான். இவற்றில் சிலவற்றைச் சட்டப்படியே தவிர்க்கலாம்.

முதலில் வக்கீல். 1987ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டப்படி, காவலில் இருப்பவருக்கு இலவச வழக்கறிஞர் உண்டு; வருமானம் கேட்கப்படாது. பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கும் அப்படியே. மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடுக்கலாம், அல்லது 15100 என்ற எண்ணை அழைக்கலாம். அந்த வழக்கறிஞருக்குக் கட்டணம் தருவது ஆணைக்குழு. அவர் உங்களிடம் பணம் கேட்டால் அங்கேயே புகார் செய்யுங்கள்.

உண்மையான சிக்கல் ஜாமீனில்தான். உத்தரவு கையில் இருக்கும். இரண்டு ஜாமீன்தாரர் வேண்டும் என்றிருக்கும். வீட்டு வரி ரசீதோடு நீதிமன்றத்துக்கு வர, சொந்த அண்ணனே யோசிப்பார். தெருவில் எல்லோரும் வாடகைக்குக் குடியிருப்பவர்கள் என்றால் கேட்கவே ஆளில்லை.

ஜாமீனில் விடத்தக்க, அதாவது ஜாமீனை உரிமையாகவே கேட்கக்கூடிய குற்றமானால், கைதாகி ஒரு வாரத்தில் பிணை தர முடியாதவரை ஏழை என்றே கருதி, ஜாமீன்தாரர் இல்லாமலே சொந்தப் பிணைப் பத்திரத்தில் விட வேண்டும். இது பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 478ஆம் பிரிவு. மற்ற வழக்குகளில், ஜாமீன் கிடைத்து ஒரு மாதமாகியும் வெளியே வராதவரின் நிபந்தனையைத் தளர்த்தலாமா என நீதிமன்றம் தானாகவே பரிசீலிக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2023 ஜனவரியில் சொன்னது. தானாக நடக்கும் என்று காத்திருக்காமல் மனுப் போட்டுவிடுவதே நல்லது.

அதே ஆண்டு மத்திய அரசு ஏழைக் கைதிகளுக்கான உதவித் திட்டத்தைத் தொடங்கியது. அப்போது வகுத்த நெறிமுறையில் ஜாமீன் தொகைக்கு 40,000 ரூபாய் வரை என்றிருந்தது. ஊழல், போதைப்பொருள், உபா (சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்புச் சட்டம்) வழக்குகளுக்குக் கிடையாது.

விசாரணையே இழுத்தால் அதே சன்ஹிதாவின் 479ஆம் பிரிவு இருக்கிறது. இதற்கு முன் எந்தக் குற்றத்திலும் தண்டிக்கப்படாதவர், அதிகபட்சத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்கைச் சிறையில் கழித்துவிட்டால் பிணைப் பத்திரத்தில் விடுவிக்கப்பட வேண்டும். தூக்கு, ஆயுள் தண்டனைக்குரிய குற்றங்களுக்கும், வேறு வழக்குகளும் நிலுவையில் உள்ளவர்களுக்கும் இது பொருந்தாது.

நிரபராதி என்று விடுதலையானால் செலவழிந்தது திரும்புமா? அரசு தானாக இழப்பீடு தரும் பொதுச் சட்டம் எதுவும் இல்லை. போதிய காரணமின்றிக் கைது செய்ய வைத்தவரிடமிருந்து மாஜிஸ்திரேட் இழப்பீடு வாங்கித்தர அதே சன்ஹிதாவின் 399ஆம் பிரிவு இடமளிக்கிறது. அதன் உச்சவரம்பு 1,000 ரூபாய்.