11 மாத நர்சிங் டிகிரியும் அதற்கு முன்னால் இருக்கும் 2 வருடமும்

ஞாயிற்றுக்கிழமை காலையில் தோசைக்கல்லை அடுப்பில் வைக்கும் நேரம் பார்த்துத்தான் அமெரிக்காவிலிருந்து போன் வரும். அங்கே அப்போது சனிக்கிழமை ராத்திரி. போன மாதம் கூப்பிட்டவள் என்னிடம் படித்த மாணவி ஒருத்தியின் தங்கை, சென்னிமலைப் பெண். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் ஐந்து வருடம் தரக் கட்டுப்பாட்டில் வேலை பார்த்தாள். கல்யாணமாகி இப்போது டெக்சாஸில், வேலை விசாவில் இருப்பவரின் குடும்பத்துக்குத் தரும் எச்-4 விசாவில் இருக்கிறாள்.

"மேடம், இங்க 11 மாசத்துல நர்சிங் டிகிரி முடிச்சுப்போடலாமாமுங்க. நான் பி.டெக். டெக்ஸ்டைல் தானுங்களே, சேர முடியுமுங்களா?"

"சேரலாம் கண்ணு. ஆனா 11 மாசத்துல முடியாது" என்றேன்.

கோவையில் ஒரு நர்சிங் கல்லூரியில் 20 வருடத்துக்கு மேலாகப் பாடம் எடுக்கிறேன். இந்தக் கேள்வி எனக்கு அடிக்கடி வருகிறது. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துவிட்டதால் ஒரே தடவையாக இங்கே எழுதி வைக்கிறேன்.

அந்த 11 மாதம் பொய்யில்லை. வேறு பாடத்தில் டிகிரி முடித்தவர்களுக்கென்றே அமெரிக்காவில் துரித பி.எஸ்சி. நர்சிங் இருக்கிறது. செயின்ட் லூயிஸ் பல்கலைக்கழகம் 1971-இல் ஆரம்பித்து வைத்தது. இன்று பல மாநிலங்களில் 11 முதல் 18 மாதம் வரை நடக்கிறது. மொழிப்பாடம், பொதுப்பாடம் எல்லாம் பழைய டிகிரியிலேயே முடிந்தது என்று கழித்துவிடுகிறார்கள். அதனால்தான் காலம் குறைகிறது. வார்டில் நிற்க வேண்டிய நேரம் நாலு வருட மாணவர்களுக்கு எவ்வளவோ, இவர்களுக்கும் அவ்வளவுதான். அதே சுமையைக் குறுகிய வழியில் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும்.

மேலே போவதற்கு முன்னால் ஊரில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இந்தியாவில் இப்படி ஒரு படிப்பு கிடையாது. பி.காம். முடித்திருந்தாலும் பி.எஸ்சி. கணிதம் முடித்திருந்தாலும், தமிழ்நாட்டில் நர்சிங்குக்கு உங்கள் ப்ளஸ் டூ மதிப்பெண்ணைத்தான் பார்ப்பார்கள். பி.எஸ்சி. நர்சிங் 4 வருடம், ஜி.என்.எம். என்கிற நர்சிங் டிப்ளமோ 3 வருடம். இரண்டே வருடத்தில் டிகிரி என்றால் அது போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. நர்சிங், ஜி.என்.எம். முடித்துக் கவுன்சிலில் பதிவு செய்த நர்சுகளுக்கு மட்டும்தான் அது. பேருந்து நிலையத்துக்கு எதிரே மாடியில் போர்டு மாட்டி, ஒரே வருடத்தில் நர்சிங் என்று சொன்னால் படியேறாதீர்கள். அந்தியூர்ப் பக்கம் ஒரு அப்பா மஞ்சள் விற்ற பணத்தை அப்படியொரு இடத்தில் கட்டினார். பெண்ணுக்கு சான்றிதழ் கிடைத்தது. தமிழ்நாடு நர்சிங் கவுன்சிலில் பதிவு கிடைக்கவில்லை. இப்போது ஒரு ஆஸ்பத்திரியில் உதவியாளராக இருக்கிறாள். உதவியாளர் வேலை கேவலமில்லை, ஆனால் அவளிடம் சொல்லிச் சேர்த்தது அதை அல்ல. "படிப்பு முடிஞ்சா ஆர்.என்.ஆர்.எம். பதிவு கிடைக்குமுங்களா?" என்று கேளுங்கள். பதிவு பெற்ற நர்ஸ், பதிவு பெற்ற மருத்துவச்சி என்பதன் சுருக்கம் அது. பதிலை எழுத்தில் வாங்குங்கள். அவ்வளவுதான்.

சரி, சென்னிமலைப் பெண்ணிடம் வருவோம்.

விண்ணப்பத்தில் முதலில் தடுக்குவது முன்தேவைப் பாடங்கள். உடற்கூறியலும் உடலியங்கியலும் சேர்ந்த பாடம் இரண்டு பாகம், இரண்டுக்கும் லேப். நுண்ணுயிரியல், அதற்கும் லேப். வேதியியல், புள்ளியியல், மனித வளர்ச்சி உளவியல், பல இடங்களில் ஊட்டச்சத்தியல். இதெல்லாம் கல்லூரி அளவில் படித்து கிரெடிட் வாங்கியிருக்க வேண்டும். இந்த இடத்தில் என் தப்பு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சில வருடங்களுக்கு முன் நாமக்கல் பெண் ஒருத்தி, கம்ப்யூட்டர் சயின்ஸ் எஞ்சினியர், இதே கேள்வியைக் கேட்டாள். "ப்ளஸ் டூல பயாலஜி குரூப்தானே, போதும், போட்டுப் பாரு" என்று நம் ஊர் நினைப்பிலேயே சொல்லிவிட்டேன். மூன்று கல்லூரிகளுக்கு விண்ணப்பக் கட்டணம் கட்டினாள். மூன்றும் திரும்பி வந்தன. ப்ளஸ் டூ உயிரியல் அங்கே பள்ளிக்கூடப் பாடம், கணக்கில் வராது. அவள் என்னைக் கடிந்து ஒரு சொல் சொல்லவில்லை, அதுதான் எனக்கு இன்னும் உறுத்துகிறது.

இந்தப் பாடங்களை வீட்டருகே இருக்கும் கம்யூனிட்டி காலேஜில் (உள்ளூர் அரசுக் கல்லூரி) படிப்பதுதான் செலவு குறைந்த வழி. ஆனால் எல்லாவற்றையும் ஒரே செமஸ்டரில் அள்ளிப் போட முடியாது. முதல் பாகம் தேறாமல் இரண்டாம் பாகத்தில் சேர்க்க மாட்டார்கள். சென்னிமலைப் பெண்ணுக்கு நான் சொன்னது இதுதான்: "பாவு ஓட்டாம ஊடை போட முடியுமா அம்மிணி?" பாவு தறியின் நீளவாக்கு நூல், ஊடை குறுக்கு நூல். தறிச்சத்தம் கேட்டு வளர்ந்த பெண், உடனே சிரித்துவிட்டாள். ஆகஸ்டில் முதல் பாகம், ஜனவரியில் இரண்டாம் பாகம், கோடையில் நுண்ணுயிரியல் என்று வைத்தால் ஒரு வருடம் ஓடிவிடும். வகுப்பு தொடங்குவதற்குப் பல மாதம் முன்பே விண்ணப்பத்தை மூடிவிடும் கல்லூரிகள்தான் அதிகம். அந்தக் காத்திருப்பையும், படிப்பையும், அப்புறம் நர்ஸ் உரிமத்துக்கான என்கிளெக்ஸ் தேர்வையும் கூட்டினால் முழுசாக மூன்று வருடம். இதை வீட்டுக்காரரோடு முதல் நாளே உட்கார்ந்து பேசிவிடச் சொன்னேன். ஒரு வருடம் என்று நினைத்து ஊரிலிருந்து அம்மாவை வரவழைத்து, குழந்தையைப் பார்த்துக்கொள்ள வந்தவர் 6 மாதத்தில் விசா முடிந்து கிளம்ப, பாதிப் படிப்பில் தவித்தவர்களை எனக்குத் தெரியும்.

தேறினால் போதும் என்றும் இருக்க முடியாது. பல கல்லூரிகளில் ஜி.பி.ஏ. (4-க்குக் கணக்கிடும் மதிப்பெண் சராசரி) 3.0 என்பது உள்ளே நுழையும் வாசல். சீட்டு கிடைப்பது அதற்கு மேலே இருப்பவர்களுக்கு. அறிவியல் பாடங்கள் 5 அல்லது 7 வருடத்துக்கு மேல் பழையதாக இருந்தால் மறுபடி படிக்கச் சொல்லும் இடங்களும் உண்டு. அதனால் நுண்ணுயிரியலில் பி.எஸ்சி. வாங்கிப் பத்து வருடம் ஆனவர்கள் முதலில் கல்லூரிக்கு ஒரு மெயில் போட்டுக் கேட்டுவிடுங்கள். மூன்று வருட டிகிரியை அங்குள்ள நாலு வருட டிகிரிக்குச் சமமாக எல்லோரும் ஏற்பதில்லை, அதையும் அதே மெயிலில் கேளுங்கள். எந்த விசாவில் இருப்பவர்களை எடுப்பார்கள் என்பதும் கல்லூரிக்குக் கல்லூரி மாறும். எச்-4 இல் இருப்பவர் படிக்கலாம். சம்பளத்துக்கு வேலை செய்ய அனுமதி தனியாக வேண்டும். படித்து முடித்த பிறகு இதைத் தெரிந்துகொள்வது வேதனை.

அடுத்தது காகிதம். இந்திய மதிப்பெண்களைப் பாடம் பாடமாக அமெரிக்கக் கணக்குக்கு மாற்றித் தர நிறுவனங்கள் இருக்கின்றன. அவர்களுக்கு உங்கள் கையில் இருக்கும் மார்க் ஷீட் போதாது. பல்கலைக்கழகமே முத்திரையிட்டோ இணையம் வழியாகவோ நேரடியாக அனுப்ப வேண்டும். பாரதியார் பல்கலைக்கழகம் என்றால் அப்பாவோ தம்பியோ மருதமலை ரோட்டுக்கு இரண்டு மூன்று நடை போக நேரலாம். அந்த நடைகளை வீணாக்குவது பெரும்பாலும் நம் இனிஷியல். மார்க் ஷீட்டில் பெயருக்கு முன்னால் ஒற்றை எழுத்து இருக்கும். பாஸ்போர்ட்டில் அது அப்பா பெயராக விரிந்து குடும்பப் பெயர் கட்டத்தில் உட்கார்ந்திருக்கும். கல்யாணத்துக்குப் பிறகு புதுப்பித்த பாஸ்போர்ட்டில் கணவர் பெயர் வந்திருக்கும். நமக்கு இது சாதாரணம். அங்கே ஒரு குமாஸ்தா பார்த்தால் இவர்கள் மூன்று தனித்தனிப் பெண்கள். பழைய பாஸ்போர்ட், திருமணச் சான்று, பெயர்கள் எல்லாம் ஒருவரையே குறிக்கும் என்ற பிரமாணப் பத்திரம், மூன்றையும் முதலிலேயே எடுத்து வையுங்கள்.

பரிந்துரைக் கடிதத்திலும் நம் வழக்கம் செல்லாது. நாமே எழுதி எச்.ஓ.டி.யிடம் கையெழுத்து வாங்குவோமே, அது அங்கே நடக்காது. இணைப்பு அவருடைய மெயிலுக்கு நேராகப் போகும், அவரே நிரப்ப வேண்டும். ஓய்வு பெற்ற பேராசிரியர் என்றால் முதலில் போனில் சொல்லி வையுங்கள்.

ஏன் நர்சிங் என்று ஒரு கட்டுரை கேட்பார்கள். சென்னிமலைப் பெண் அனுப்பிய முதல் வரைவில் "சிறு வயது முதலே சேவை மனப்பான்மை" என்று இருந்தது. என்னிடம் வருகிற வரைவுகளில் பாதிக்கு மேல் இப்படித்தான் தொடங்குகின்றன. "இதைத் தூக்கிப் போடு. திருப்பூர்ல ஊசி உடைஞ்சா என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டேன்.

அவள் சொன்னாள். தையல் மெஷினில் ஊசி உடைந்தால் அந்த லைன் நிற்கும். உடைந்த துண்டுகளை எல்லாம் தேடி எடுத்து, பதிவேட்டில் டேப் போட்டு ஒட்டி, தேதியும் மெஷின் நம்பரும் எழுத வேண்டும். பழைய ஊசியைக் கொடுத்தால்தான் புது ஊசி. ஒரு துணுக்கு குறைந்தாலும் அங்கிருக்கும் துணி அத்தனையும் மெட்டல் டிடெக்டருக்குப் போகும். குழந்தைச் சட்டையில் அது போய்விடக் கூடாதே. ஒரு தடவை ஷிப்மெண்டுக்கு லாரி வாசலில் நிற்க, மேனேஜர் கத்த, கால் அங்குலத் துண்டுக்காக இரண்டு மணி நேரம் லைனை நிறுத்தி வைத்திருக்கிறாள்.

ஆபரேஷன் தியேட்டரில் நாங்கள் செய்வதும் இதேதான் என்று சொன்னேன். ஆரம்பிக்கும் முன் பஞ்சுத்துணி, ஊசி, கருவி எல்லாம் எண்ணுவோம். வயிற்றை மூடும் முன் எண்ணுவோம். மூடிய பின்னும் எண்ணுவோம். கணக்கு உதைத்தால் சர்ஜன் எவ்வளவு பெரியவராக இருந்தாலும் "ஒண்ணு கொறையுது சார்" என்று சொல்ல வேண்டியது அங்கே நிற்கும் நர்ஸ். போனில் கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம், "இதை எழுதலாமுங்களா மேடம்?" என்றாள். இரண்டாம் வரைவில் சேவை என்ற சொல்லே இல்லை.

சீட்டு கிடைத்த பிறகும் ஒரு சுற்று இருக்கிறது. தடுப்பூசிச் சான்றுகள் கேட்பார்கள். கல்லீரல் அழற்சி பி (ஹெபடைடிஸ் பி) தடுப்பூசி மூன்று ஊசியாகப் போடும் வழக்கப்படி, முதலுக்கும் கடைசிக்கும் நடுவே 6 மாதம்; கடைசி வாரத்தில் ஓடினால் முடியாது. நம் ஊரில் பிறந்தவர்களுக்குக் குறிப்பாக ஒன்று: இடது புஜத்தில் இருக்கும் பி.சி.ஜி. (காசநோய்த் தடுப்பூசி) தழும்பு. காசநோய்க்கான தோல் பரிசோதனையில் அந்த பி.சி.ஜி. காரணமாகவே வீங்கிப் பாசிட்டிவ் காட்டலாம். பயப்பட வேண்டியதில்லை. பி.சி.ஜி. பாதிக்காத ரத்தப் பரிசோதனை ஒன்று உண்டு. அதை எடுக்க முடியுமா என்று முதலிலேயே கேளுங்கள்.

சென்னிமலைப் பெண் ஆகஸ்டுக்கு உடற்கூறியல் முதல் பாகத்தில் பதிந்திருக்கிறாள். அவள் சின்ன வயசு தடுப்பூசி அட்டையை அம்மா இரண்டு நாளாகப் பீரோவில் தேடுகிறார். கல்யாணப் பத்திரிகை, நகைச்சீட்டு ரசீது, செத்துப்போன மாட்டுக்கு எடுத்த இன்சூரன்ஸ்வரை எல்லாம் கிடைத்துவிட்டதாம். அது மட்டும் இன்னும் கிடைக்கவில்லையாம்.